சிறுநீர்தானே என்று விட்டுவிட முடியாது

விலங்குப் பரிசோதனைக்கு அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவின் மேசைக்கு வரும் 'பி' படிவங்களில் ஒரு வரி மட்டும் மாறுவதே இல்லை. எலியின் சிறுநீர் மெட்டபாலிக் கேஜில் சேகரிக்கப்படும், இதில் வலியோ காயமோ கிடையாது என்ற வரிதான் அது. ரத்தம் எடுப்பது என்றால் குழுவில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். எந்த ரத்தக்குழாய், எத்தனை மில்லி, எத்தனை நாளைக்கு ஒருமுறை, மயக்க மருந்து உண்டா என்று கேட்கிறார்கள். சிறுநீர் என்று வந்ததும் பக்கம் புரண்டுவிடுகிறது. ஊசி இல்லை, கத்தி இல்லை, எலி தானாகப் பெய்வதைப் பிடித்துக்கொள்வதில் என்ன வந்துவிடப் போகிறது என்பதுதான் பார்மசி கல்லூரியிலிருந்து பெரிய மருந்துக் கம்பெனி ஆய்வகம் வரை பரவிக் கிடக்கும் எண்ணம்.

அந்த எண்ணம் தவறு. ஆய்வக எலிகளைப் பார்த்துக்கொள்ளும் கால்நடை மருத்துவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். சிறுநீர் எடுத்துத் திரும்பிவரும் எலியின் உள்ளங்காலிலும் அடிவயிற்றிலும் வாலிலும் தோல் கெடுகிறது. அதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை, எழுதி வைப்பதும் இல்லை. எழுதாததையே ஆதாரமாகக் காட்டி, அப்படி எதுவும் நடப்பதில்லை என்று சாதிக்கிறோம்.

மெட்டபாலிக் கேஜைப் பார்த்திராதவர்களுக்கு: தெளிவான பிளாஸ்டிக்கில் வட்டமான ஓர் அறை, உள்ளே ஒரே ஓர் எலி. தரை கம்பிவலை. வலைக்குக் கீழே ஒரு புனல், அதன் அடியில் சிறுநீர் ஒரு குப்பியிலும் புழுக்கை இன்னொரு குப்பியிலும் பிரிந்து விழும் அமைப்பு. நம் ஊர் அனிமல் ஹவுஸ்களில் வழக்கமான கூண்டில் உமி பரப்பியிருப்பார்கள். இங்கே உமி கூடாது, சிறுநீரை உறிஞ்சிவிடும். கூடு கட்டக் காகிதம் கூடாது, புனலை அடைத்துவிடும். இன்னோர் எலி கூடாது, இரண்டின் சிறுநீரும் கலந்துவிடும். மாதிரி கெடக்கூடாது என்பதற்காக, எலியின் தோலைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுச் செய்யப்பட்ட கூண்டு இது. இதில் எலி 24 மணி நேரம் இருக்கிறது. பல ஆய்வுகளில் அதே எலி வாராவாரம் திரும்பத் திரும்ப வருகிறது.

ஊசி குத்தவில்லை என்பதால் தீங்கு இல்லை என்று சொல்பவர்கள், ஊசி குத்துவதற்கு ஆகும் நேரத்தையும் இதற்கு ஆகும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பழகிய கை, வாலிலோ காலிலோ ரத்தம் எடுக்க ஓரிரு நிமிடம் போதும். எலி தன் கூண்டுக்குத் திரும்பி உமியில் புதைந்துகொள்ளும். மெட்டபாலிக் கேஜில் அது ஒரு முழு நாளை, ஜன்னல் கம்பியின் மேல் வெறுங்காலோடு ஒருவரை நிறுத்தி வைத்தது போலக் கழிக்கிறது. இது என் உணர்ச்சிவசப்பட்ட கணக்கு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010/63 நெறியாணை, சோதனைகளைத் துன்பத்தின் அளவுப்படி வகை பிரிக்கிறது. மெட்டபாலிக் கேஜில் 24 மணி நேரத்துக்கும் குறைவாக வைப்பதை லேசான துன்பம் என்கிறது. நடமாட்டத்தை ஓரளவு கட்டுப்படுத்தி ஐந்து நாள் வரை வைப்பதை நடுத்தரத் துன்பம் என்கிறது. துன்பமே இல்லை என்றொரு கட்டம் இதற்காக அந்தப் பட்டியலில் இல்லை. நம்முடைய 'பி' படிவங்கள் மட்டும் அப்படி ஒரு கட்டத்தைத் தாமாகவே போட்டுக்கொள்கின்றன.

புண் வருகிறது என்பதை ஒப்புக்கொள்பவர்களும், பழியைக் கூண்டின் மேல் போட மறுக்கிறார்கள். சண்டை போட்டிருக்கும், வயதான எலி, அட்டெண்டர் கூண்டைச் சரியாகக் கழுவவில்லை என்று மூன்று பதில்கள் தயாராக இருக்கும். எலியைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த மூன்றும் நிற்காது.

ஆண் எலிகள் கடித்துக்கொண்டால் காயம் முதுகின் பின்பகுதியிலும் வாலடியிலும் பிட்டத்திலும் இருக்கும். ஓடுகிற எலியைத் துரத்திக் கடிப்பதால் அந்த இடங்கள். கம்பிவலையால் வரும் புண் அங்கே இருக்காது. எலியின் தோளைச் சுற்றிப் பிடித்து, பின்னங்காலை மெல்லத் திருப்பிக் குதிகாலைப் பாருங்கள். எலி நம்மைப் போலக் குதிகாலை ஊன்றி உட்காரும் பிராணி. ஓய்வாக இருக்கும்போது உடம்பின் கனம் அங்கேதான் இறங்குகிறது. உள்ளங்காலில் முடி கிடையாது, சிறு மெத்தைகள் உண்டு. நலமான எலியில் அந்தத் தோல் வெளிறிய ரோஸ் நிறத்தில், ஈரப்பசையோடு வழவழப்பாக இருக்கும். கம்பிவலையில் இருந்து வந்த எலியில் முதலில் தெரிவது சிவப்பு. சில சமயம் கம்பி பதிந்த கோடே தெரியும். விரலால் தொட்டால் காலை இழுத்துக்கொள்ளும். அது திரும்பத் திரும்ப நடந்தால் தோல் தடித்து, மஞ்சளாகக் காய்ப்பு ஏறும். காய்ப்பு வெடிக்கும். வெடிப்பில், எலியின் தோலிலேயே பெரும்பாலும் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி புகும். பிறகு பொருக்கு, வீக்கம், சீழ். கவனிக்காமல் விட்டால் எலும்பு வரை இறங்கும். இதில் சண்டைக்கு வேலையில்லை. கழுவாத கூண்டு இதை மோசமாக்கும், ஆனால் பளபளவென்று கழுவிய கம்பியும் கம்பிதான். குறுகிய இடத்தில் விழும் அழுத்தம், அந்த இடத்து ரத்த ஓட்டத்தைக் குறைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

வயது என்று சொல்வதில் பாதி உண்மை உண்டு. எடை கூடிய, வயதான எலிகளில் கால் புண் அதிகம் என்பது நீண்டகால நச்சியல் ஆய்வுகளில் பழைய அனுபவம். ஆனால் அது கூண்டுக்கு வக்காலத்து ஆகாது. எடை கூடக் கூட ஒவ்வொரு கம்பியும் தாங்கும் கனம் கூடுகிறது என்பதுதான் அதன் பொருள். 500 கிராம் ஆண் எலியை இளம் எலிக்குச் சமமாகக் கம்பிவலையில் விடக்கூடாது என்றுதான் அந்த அனுபவம் சொல்கிறது. கினிப் பன்றியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குட்டையான கால், கனத்த உடம்பு, உள்ளங்காலில் மெல்லிய தோல். கம்பித் தரையும் கினிப் பன்றியும் சேர்ந்தால் கால் புண் வரும் என்று கால்நடை மருத்துவப் பாடத்திலேயே படிக்கிறோம்.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு வெளியிடும் ஆய்வக விலங்குப் பராமரிப்புக் கையேட்டின் எட்டாம் பதிப்பு 2011-ல் வந்தது. உலகம் முழுக்க ஆய்வகங்கள் அதைத்தான் புரட்டுகின்றன. கொறித்துண்ணிகளுக்குப் படுக்கை பரப்பிய கெட்டித் தரையே பரிந்துரைக்கத்தக்கது என்கிறது அது. குடியிருப்புக் கூண்டில் இதை நாமும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். கம்பித் தரைக் கூண்டுகளைப் பல அனிமல் ஹவுஸ்கள் தூக்கிப் போட்டும் விட்டன. அதே எலியைச் சோதனை என்ற பெயரில் அதே கம்பித் தரைக்குத் திரும்ப அனுப்பும்போது மட்டும் காரணம் கேட்பதில்லை.

சுத்தம் என்ற வாதத்துக்கு வருகிறேன். சிறுநீர் கீழே வடிந்துவிடுகிறது, எலி அதில் புரள்வதில்லை, ஆகவே உமிக் கூண்டைவிடத் தோலுக்கு நல்லது என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. நலமான எலிக்கு இது ஓரளவு பொருந்தும். நாள் ஒன்றுக்கு அது கழிப்பது 10, 20 மில்லிதான். ஆனால் மெட்டபாலிக் கேஜுக்கு நலமான எலியா அதிகம் போகிறது? ஸ்ட்ரெப்டோசோட்டோசின் போட்டுச் சர்க்கரை நோய் வரவழைத்த எலி போகிறது. அது நாளுக்கு 100 மில்லிக்கு மேலும் பெய்யும். உமி இருந்தால் அந்த ஈரத்தை உறிஞ்சியிருக்கும். இங்கே அது கம்பியில் வழிந்து, அடிவயிற்று முடியில் ஏறி, தொடை இடுக்கில் தங்குகிறது. பொடித் தீவனம் அதோடு ஒட்டிக்கொள்கிறது. முடி கற்றை கற்றையாகச் சேர்ந்து, அதன் அடியில் தோல் ஊறி வெளுத்து, பிறகு சிவந்து உரிகிறது. குழந்தைக்கு நாப்கின் மாற்றாமல் விட்டால் வரும் வேக்காடு இதே வகைதான், நடப்பதும் அதே வழியில்தான். சர்க்கரை நோயில் புண் ஆறாது என்பதைச் சோதிக்கத்தான் பலர் அந்த எலியையே வாங்குகிறார்கள். அதே எலியின் காலில் நாமே ஒரு புண்ணை உண்டாக்கிவிட்டு, அதைக் குறிப்பேட்டில் ஏற்றாமல் விடுகிறோம்.

சிறுநீர் பெருக்கும் மருந்து கொடுத்த எலிகளுக்கும் இதே கதிதான். அவற்றை ஒரு நாளுக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் முடி சிலிர்த்து, முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல், மூக்கையும் கண்ணையும் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை படிந்திருக்கும். புதிதாக வரும் மாணவர்கள் ரத்தம் என்று பதறுவார்கள். அது ரத்தம் அல்ல, கண்ணுக்குப் பின்னாலிருக்கும் சுரப்பியிலிருந்து வடியும் நிறமி. எலி நிம்மதியாக இருந்தால் அவ்வப்போது நக்கித் துடைத்துவிடும். நெருக்கடியில் இருக்கும் எலி துடைப்பதில்லை. ரத்தம் இல்லை என்று தெரிந்ததும் மாணவர்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

பழகிவிடும் என்பார்கள். இதுதான் எனக்கு மிகவும் கோபம் வரவழைக்கும் வாதம், ஏனென்றால் இதைச் சோதித்துப் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறார்கள். கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண் சுண்டெலிகளை மூன்று வாரம் மெட்டபாலிக் கேஜில் வைத்துப் பார்த்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். சுண்டெலிகள் பழகவில்லை என்பதே முடிவு. கட்டுரையின் தலைப்பிலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். அதற்கும் முன்பு, 1990-களில் கேம்பிரிட்ஜில் எலிகளிடமே கேட்டார்கள். கம்பித் தரை ஒரு பக்கம், கெட்டித் தரை ஒரு பக்கம், நடுவில் கனமான தடுப்பு. ஓய்வெடுக்கக் கெட்டித் தரைக்குப் போவதற்காக எலிகள் அந்தத் தடுப்பைத் தூக்கிக்கொண்டு போயின. எலி தன் பலத்தைச் செலவழித்து வாங்கிய பதில் இது. மூன்று நாள் முன்கூட்டியே மெட்டபாலிக் கேஜில் விட்டுப் பழக்கினோம் என்று ஆய்வேடுகளில் பெருமையாக எழுதுகிறார்கள். காலின் நிலையிலிருந்து பார்த்தால் அது கூடுதலாக மூன்று நாள் கம்பியில் நின்றது என்றுதான் ஆகிறது.

குளிரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சுண்டெலிக்கு உடம்பு இதமாக இருக்கும் வெப்பநிலை 30 டிகிரியை ஒட்டியது. ஏசி அறையை நாம் நமக்கு வசதியாக 22 டிகிரியில் வைக்கிறோம். கூடும் கூட்டாளிகளும் இருந்தால் சுண்டெலி சமாளித்துக்கொள்ளும். அவை இல்லாமல், கீழிருந்தும் காற்று வரும் கம்பிவலையில் தனியாக இருக்கும்போது உடம்புச் சூட்டைக் காப்பாற்றக் காலுக்கும் வாலுக்கும் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. அழுத்தத்தால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த பாதத்துக்கு இன்னும் குறைகிறது. வால் என்பது எலிக்கு வெறும் அலங்காரம் அல்ல, உடம்புச் சூட்டை வெளிவிடவும் அடக்கவும் உதவும் உறுப்பு. ஈரப்பதம் குறைந்த அறையில், கம்பித் தரையில் வளரும் குட்டி எலிகளின் வாலில் வளையம் வளையமாக இறுக்கம் விழுந்து, நுனி கறுத்து உதிர்ந்துபோவதை ஆய்வக விலங்கு மருத்துவர்கள் வெகுகாலமாக அறிவார்கள்.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. 24 மணி நேரச் சிறுநீரின் மொத்த அளவு வேண்டும், அதற்கு வேறு வழி கிடையாது என்பதே அது. தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய தேவை இருக்கிறது. சிறுபீளை, நெருஞ்சில், வாழைத்தண்டு ஆகியவை கல்லடைப்பைக் கரைக்குமா என்று நம் கல்லூரிகளில் சோதிக்காத ஆண்டு இல்லை. எலிக்கு 28 நாள் குடிநீரில் எத்திலீன் கிளைக்கால் கலந்து கொடுத்துச் சிறுநீரகத்தில் கல் உண்டாக்கி, மூலிகைச் சாறு கொடுத்து, சிறுநீரில் ஆக்சலேட்டும் கால்சியமும் எத்தனை வெளியேறின என்று அளப்பார்கள். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு என்பது இந்தக் கேள்விக்குத் தேவைதான். மனிதருக்குக் கல் வந்தாலும் மருத்துவர்கள் 24 மணி நேரச் சிறுநீரைக் கேட்கிறார்கள். இதை மறுக்கவில்லை.

ஆனால் எல்லாக் கேள்வியும் இந்தக் கேள்வி அல்ல. சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெடுகிறதா என்று பார்க்க ஆல்புமின் அளவு வேண்டும் என்றால், அதைக் கிரியேட்டினின் அளவால் வகுத்துப் பார்த்தால் போதும். அதற்கு ஒருமுறை பெய்யும் சிறுநீரில் சில துளி இருந்தால் சரி. மனித மருத்துவமனையில் சிறுநீரக மருத்துவர்கள் இதற்காகத்தான் நோயாளியைக் கேன் தூக்கிக்கொண்டு வரச் சொல்வதைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, காலைச் சிறுநீரில் இந்த விகிதத்தைப் பார்க்கிறார்கள். மனிதருக்குப் போதுமானது எலிக்கு மட்டும் எப்படிப் போதாமல் போகும்? சர்க்கரை இருக்கிறதா, கீட்டோன் இருக்கிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா என்று பட்டையில் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஒரு நாள் கம்பிவாசம் எதற்கு? எலியையும் சுண்டெலியையும் கையில் எடுத்தாலே பெரும்பாலும் பெய்துவிடும். அனிமல் ஹவுஸில் ஒரு வாரம் வேலை பார்த்த யாருக்கும் சட்டைக் கையில் அந்த அனுபவம் உண்டு. கீழே ஒரு சுத்தமான தட்டைப் பிடித்தால் மாதிரி கிடைத்துவிட்டது.

சிறுநீர்ப் பெருக்கிச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். லிப்ஷிட்ஸ் 1943-ல் வகுத்த முறையைத்தான் இன்றும் மூலிகைகளுக்குப் பின்பற்றுகிறோம். எலிக்கு உப்புநீர் ஏற்றி, மருந்து கொடுத்து, ஐந்து மணி நேரச் சிறுநீரை அளக்கும் முறை அது. ஐந்து மணி நேரத்தில் விடை கிடைக்கும் கேள்விக்காக எலியை மறுநாள் காலை வரை விட்டுவைப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். விசாரித்தால், மாலை ஆறு மணிக்கு மேல் கூண்டு மாற்ற ஆள் இல்லை என்பதுதான் காரணமாக இருக்கும். ஆள் இல்லாததை அறிவியல் தேவை என்று படிவத்தில் எழுதக்கூடாது.

நீர் ஒட்டாத மணல் என்று ஒன்று வந்திருக்கிறது. பூனையின் சிறுநீரைப் பிடிக்க வீடுகளில் பயன்படுத்தியது, இப்போது எலிக்கும் வந்துவிட்டது. சாதாரணக் கூண்டில் அதைப் பரப்பி எலியை விட்டால், சிறுநீர் உறிஞ்சப்படாமல் முத்து முத்தாக மேலேயே நிற்கும். பிப்பெட்டால் எடுத்துக்கொள்ளலாம். எலியின் காலுக்குக் கீழே கம்பி இல்லை. மெட்டபாலிக் கேஜோடு இதை ஒப்பிட்ட ஆய்வுகளும் வந்திருக்கின்றன. முழுநாள் அளவைத் துல்லியமாகக் கணக்கிட இது உதவாது. ஆனால் நம் ஆய்வுகளில் பெரும்பகுதிக்கு அந்தத் துல்லியம் தேவையில்லை என்பதைத்தான் மேலே சொன்னேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மெட்டபாலிக் கேஜ் வேண்டாம் என்று சொன்னதும் அடிவயிற்றை அமுக்கிச் சிறுநீரைப் பிழிய ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அதே எலியை அதே இடத்தில் தினமும் அமுக்கினால் அந்தத் தோல் கன்றும், சிறுநீர் துவாரத்தைச் சுற்றி ஈரம் தங்கி வேகும். ஊசியால் நேரே சிறுநீர்ப்பையிலிருந்து எடுப்பவர்கள் முடியை மழிக்கிறார்கள். சூடேறிய டிரிம்மரை மெல்லிய வயிற்றுத் தோலில் ஓட்டினால் வெட்டும் எரிவும் விழும், அந்த இடத்தை எலி சொறிந்தோ கடித்தோ பெரிதாக்கும். ஸ்பிரிட்டைத் தாராளமாகத் தடவினால் எலி குளிர்ந்தும் போகும். எந்த வழியில் எடுத்தாலும், எடுத்த இடத்தின் தோலை மறுநாளும் அதற்கடுத்த நாளும் பார்க்க வேண்டும் என்பதே என் வாதத்தின் மையம். ஊசிக்கு இதைச் செய்கிறோம். மற்றவற்றுக்குச் செய்வதில்லை.

எலியின் மேல் இரக்கம் இல்லாவிட்டாலும் தன் ஆய்வின் மேல் அக்கறை உள்ளவர் இதைக் கேட்டாக வேண்டும். வலியில் இருக்கும் எலி குறைவாகத் தின்னும், குறைவாகக் குடிக்கும். சிறுநீர் கெட்டிப்படும். நெருக்கடி ஹார்மோன் ஏறும், அதனால் சர்க்கரையும் ஏறும். காலில் சீழ் இருந்தால் உடம்பு முழுக்க அழற்சிப் புரதங்கள் கூடும். இதன் உச்சத்தைக் கினிப் பன்றியில் பார்க்கலாம். நாள்பட்ட கால் புண் உள்ள கினிப் பன்றிகளின் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் அமிலாய்டு என்ற புரதம் படிந்துவிடுவது நன்கு தெரிந்த நோய். சிறுநீரகத்தில் அது படிந்தால் சிறுநீரில் புரதம் ஒழுகும். சிறுநீரகத்தைச் சோதிக்க வைத்த கூண்டே கால் வழியாகச் சிறுநீரகத்தைக் கெடுத்து, அந்தக் கேட்டை மருந்தின் விளைவு என்று காட்டும் நிலை வரலாம். எல்லா ஆய்விலும் இவ்வளவு தூரம் போகாது. ஆனால் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்காத ஆய்வில், போகவில்லை என்று எதை வைத்துச் சொல்வது?

புண்ணை முதலில் பார்ப்பவர் எப்போதும் அட்டெண்டர்தான். ஒரு கல்லூரியில் மூத்த அட்டெண்டர் ஒருவர் எலியைத் திருப்பிக் காட்டி, "சார், அந்த ரவுண்டு கூண்டுலேர்ந்து வந்தா ரெண்டு நாளைக்கு இது காலை ஊனாது. நான் கொஞ்சம் உமி ஜாஸ்தியா போட்டு விடுவேன்" என்றார். அவருக்குத் தெரிந்தது, அவர் செய்த வைத்தியம் இரண்டுமே அந்த ஆய்வேட்டில் இல்லை. செய்முறைப் பகுதியில், சிறுநீர் மெட்டபாலிக் கேஜில் சேகரிக்கப்பட்டது என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தது. விலங்கு ஆய்வுகளை எழுதுவதற்கான அரைவ் வழிகாட்டி 2010-லேயே வந்துவிட்டது, 2020-ல் புதுப்பிக்கவும் பட்டது. எதிர்பார்த்த, எதிர்பாராத தீய விளைவுகளை எழுதச் சொல்கிறது அது. புண் பற்றிய செய்தி இதழ்களில் குறைவு என்பதைப் புண்ணே குறைவு என்று படிப்பவர்கள், எழுதாமல் விட்டவர்கள் யார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நம் நாட்டுச் சட்டம் எலியைக் கைவிடவில்லை. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டம், ஆய்வுக்கென்று வளர்த்த எலியையும் சுண்டெலியையும் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் மனிதரைத் தவிர்த்த எல்லா உயிரும் விலங்குதான். அந்தச் சட்டத்துக்கு வழி திறந்தது, மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா. சோதனைகள் உரிய கவனத்தோடும் மனிதத்தன்மையோடும் நடக்க வேண்டும் என்று அதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது. உரிய கவனம் என்பது ஊசி முனையோடு முடிந்துவிடும் என்று அதில் எங்கும் இல்லை.

மெட்டபாலிக் கேஜை உடைத்துப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மொத்த அளவு உண்மையிலேயே வேண்டிய ஆய்வு அதைப் பயன்படுத்தட்டும். அங்கேயும் செய்ய வேண்டியவை கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கின்றன. எலி உட்கார்ந்து ஓய்வெடுக்கக் கம்பிவலையின் ஓரத்தில் ஒரு சின்னப் பலகை, அறைச் சூட்டை இரண்டு மூன்று டிகிரி ஏற்றுவது, கனத்த எலிக்கும் சர்க்கரை எலிக்கும் நேரத்தைக் குறைப்பது, ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவில் கால் ஆறும்வரை உமியில் விடுவது. இதற்குப் பெரிய பணம் வேண்டாம்.

நெறிமுறைக் குழுவில் உட்காரும் ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் வெளி உறுப்பினர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த 'பி' படிவத்தில் சிறுநீர் என்ற வரி வரும்போது பக்கத்தைப் புரட்டாதீர்கள். எத்தனை மணி நேரம், எத்தனை முறை, முழுநாள் அளவு ஏன் வேண்டும், உள்ளே போகும் முன்பும் வெளியே வந்த பின்பும் நான்கு பாதங்களையும் அடிவயிற்றையும் வாலையும் யார் பார்த்து எழுதுவார், புண் கண்டால் எந்தக் கட்டத்தில் அந்த எலியை ஆய்விலிருந்து எடுப்பீர்கள் என்று கேளுங்கள். இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.